சுவர் இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தெருவில் எல்லோருக்கும் வேன்காரர். பயந்த சுபாவம். அவரை யாராவது அப்படிச் சொன்னால் அது பாராட்டுதான். பயப்படுகிற ஆளிடம்தான் பிள்ளைகளை நம்பி ஏற்றிவிடலாம் என்று பெற்றோர்கள் பேசிக்கொள்வார்கள். மஞ்சள் விளக்குக்கு நிற்பார். பச்சை விளக்கை ஒரு தரம் சந்தேகப்பட்டுவிட்டுத்தான் நகர்வார். சீருடை போட்ட ஆளைக் கண்டால், ஒரு தப்பும் செய்யாமலே, கை சட்டைப் பையில் உரிமத்தைத் தேடும்.

அவர் மனைவி நேர் எதிர். வண்ண மீன் கடை வைத்திருந்தாள். மீன்களோடு பழகிப் பழகியோ என்னவோ, எதிராளி முகத்தைப் பார்த்து இமைக்காமல் பேசுவாள். வீட்டில் வரி கட்டுவது, வாடகைக்காரரோடு சண்டை போடுவது, மின்சார ஆபீசுக்குப் போவது எல்லாம் அவள்தான். அவர் வெளியே வேனில் உட்கார்ந்திருப்பார்.

கடையின் பின்பக்கம் ஒரு பழைய தொட்டி, பாசி பிடித்துக் கிடந்தது. ஒரு நாள் காலையில் அதைக் கழுவும்போது தண்ணீர் தெறித்து அவள் வலது கண்ணில் விழுந்தது. புறங்கையால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். அப்புறம் கண் சிவந்தது. அப்புறம் கருவிழியில் உப்புக்கல் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. வேன்காரர் அதைக் காட்டி, டாக்டரிடம் போகலாம் என்றார். "தூசிங்க" என்றாள் அவள். மறுநாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். அவள் பகலில் படுத்து அவர் பார்த்ததே இல்லை.

கண் டாக்டரம்மா குள்ளமான பெண்மணி. கை கழுவிக்கொண்டே பேசுகிற பழக்கம் உள்ளவர். முதலில் பூஞ்சைத் தொற்று என்றார். சொட்டு மருந்து கொடுத்து ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துக்கொண்டார். மருந்து விட்டபின் புள்ளி பெரிதானது. இன்னும் விட்டார்கள். இன்னும் பெரிதானது. கடைசியில் டாக்டரம்மா கை கழுவாமலே வந்து அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் வேன்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"புண்ணைச் சுரண்டி மைக்ராஸ்கோப்ல பார்த்தேன். நூல் நூலா இருக்கு. பார்வைக்குப் பூஞ்சைதான். ஆனா மருந்துக்கு அசையலை. எனக்கு ஒரு சந்தேகம். தேங்கின தண்ணில ஒண்ணு இருக்கும், பூஞ்சை மாதிரியே வேஷம் கட்டிக்கிட்டு. நிஜத்துல அது பூஞ்சை இல்ல. பாசிக்குத் தூரத்துச் சொந்தம். அதுக்கு மருந்தே வேற."

"அப்ப மருந்தை மாத்திடுங்க டாக்டர்."

"மாத்தி, அது நிஜப் பூஞ்சையா இருந்துட்டா? இருக்கிற தடுப்பையும் நானே எடுத்துவிட்ட மாதிரி ஆயிடும். ரெண்டையும் சேர்த்து ஊத்தினா இப்ப இருக்கிற நிலைமைல கண்ணு தாங்காது. எதுன்னு தெரியணும்."

"எப்படித் தெரியும்?"

"சுவர்ல தெரியும். அதோட செல்லைச் சுத்தி ஒரு சுவர் இருக்கும். பூஞ்சைன்னா அந்தச் சுவர்ல கைட்டின் இருக்கும். நண்டு ஓட்டுல இருக்கே, அதே சரக்கு. இந்த வேஷக்காரன்னா செல்லுலோஸ். பருத்தி, காகிதம், மரம் எல்லாம் அதுதான். செல்சுவர் நிறுவனம்னு ஒண்ணு இருக்கு. அவங்ககிட்ட ஒரு மெஷின். கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பினா, எந்தச் சரக்கு எந்த ஒளியைக் குடிக்குதுன்னு மலை மலையா ஒரு கோடு போட்டுக் காட்டிடும், நிறமாலைன்னு பேரு. அரை மணி வேலை. பார்சல்ல அனுப்பினா அவங்க வாசல்லயே கிடக்கும். நீங்களே கையில கொண்டு போங்க."

"லேட்டானா என்ன ஆகும்?"

"புண்ணு கருவிழி ஓரத்தைத் தாண்டிட்டா கண்ணையே எடுக்க வேண்டி வரும். விட்டா உள்ள போயிடும்."

'எடுக்க' என்பதற்கு அப்புறம் அவர் காதில் எதுவும் விழவில்லை.

சுரண்டி எடுத்ததை விரல்நகம் அளவு குப்பியில் போட்டு, ஐஸ் வைத்த சின்ன டப்பாவில் கொடுத்தார்கள். வேன்காரர் அதைப் பிள்ளைகள் உட்காரும் சீட்டில் வைத்து, பெல்ட் போட்டு, ஓட்டிக்கொண்டு போனார்.

செல்சுவர் உயராய்வு நிறுவனம் பெரிய கட்டடம். முகப்பில் 'உயிரின் பெருமை சுவரில்' என்று பொறித்திருந்தது. மூன்று கதவுகள். இடது கதவுக்கு மேல் ஒரு இலை. வலது கதவுக்கு மேல் ஒரு காளான். நடுக்கதவுக்கு மேல் இயக்குநரின் படம். வாசல்காரர் சீருடையில் இருந்தார். வேன்காரரின் கை சட்டைப் பைக்குப் போனது.

"தாவரமா, பூஞ்சையா?" என்றார் வாசல்காரர்.

"மனைவிங்க."

"மனுஷங்களா?" வாசல்காரர் இரக்கத்தோடு தலையாட்டினார். "மனுஷ செல்லுக்குச் சுவர் கிடையாது. சுவர் இல்லாதவங்களுக்கு இங்க அனுமதி இல்ல."

"நானும் மனுஷன்தாங்க. நீங்களும்..."

"நான் ஊழியர். நீங்க பார்வையாளர். அது வேற கணக்கு. டப்பால இருக்கிறது என்ன வகை? தாவரம்னா இலை, பூஞ்சைன்னா காளான்."

"அது எதுன்னு தெரிஞ்சுக்கத்தாங்க வந்தேன்."

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க" என்றார் வாசல்காரர்.

அவர் அங்கேயே நின்றார். போகவும் தெரியவில்லை, திரும்பவும் தெரியவில்லை. டப்பாவில் ஐஸ் உருகுகிற சத்தம் கேட்பது போலிருந்தது. கடைசியில், பார்வைக்குப் பூஞ்சை என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்து, "காளான்" என்றார். பொய்ச் சாட்சி சொன்னவர் போலச் சுற்றும்முற்றும் பார்த்தார். வாசல்காரர் அவருடைய போனை வாங்கி அலமாரியில் வைத்தார். மனிதப் பேச்சின் அதிர்வு மெஷினுக்கு ஆகாதாம்.

உள்ளே தாழ்வாரத்தில் பத்தடி போவதற்குள் ஒரு மணி அடித்தது. நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பி, வலது கையைச் சுவரில் வைத்தார்கள். "தாவரச் சுவர் வேறு. பூஞ்சைச் சுவர் வேறு. இரண்டையும் கலக்க மாட்டேன். கலப்பவரோடு சேர மாட்டேன். நிறமாலை சாட்சி" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு மறுபடி நடந்தார்கள். காலையில் பள்ளிக்கூட வாசலில் உறுதிமொழிக்கு விறைத்து நிற்கிற பழக்கத்தில் வேன்காரரும் கையைச் சுவரில் வைத்திருந்தார். யாரும் சொல்லாமலே வைத்தார். அது அவருக்கே பிறகுதான் தெரிந்தது.

பூஞ்சைப் பிரிவுக்குத் தலைமை ஓர் அம்மையார். அங்கே அவரைப் பூஞ்சைத் தலைவி என்று மரியாதையாகவே அழைத்தார்கள். அன்பானவர். டீ வரவழைத்துக் கொடுத்தார். டப்பாவைத் திறக்காமல், தள்ளியிருந்து பார்த்தார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. எனக்கும் கண்ணு இருக்கு. ஆனா இந்த மெஷின்ல இதுவரைக்கும் பூஞ்சையைத் தவிர ஒரு தூசி பட்டதில்ல. எங்க குருநாதர் காலத்துலேர்ந்து அப்படி. தாவரப் பிரிவு 'இது எங்களது இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த நிமிஷம் நான் அளக்கிறேன்."

"அளந்தா தெரிஞ்சுடும்னு டாக்டரம்மா சொன்னாங்களேம்மா?"

"என்னன்னே தெரியாததை எப்படிங்க அளக்கிறது?" பூஞ்சைத் தலைவி சிரித்தார். "நாங்க தெரிஞ்சதை அளக்கிறவங்க. தெரியாததை எல்லாம் அளக்க ஆரம்பிச்சா அப்புறம் இது ஆராய்ச்சி நிறுவனமாங்க?"

தாவரப் பிரிவுக்குப் போக உள்வழி கிடையாது. சுத்திகரிப்பு அறை வழியாக வெளியே போய் இலைக் கதவால் வர வேண்டும். அங்கே முகமூடி போட்ட ஒருவர் வேன்காரரை நிற்க வைத்து, தலையிலிருந்து கால்வரை பிரஷ்ஷால் தட்டினார். தலைமுடியைப் பிரித்துப் பார்த்தார்.

"பொடுகு இருக்கு."

"கொஞ்சம் உண்டுங்க."

"பொடுகு பூஞ்சையால வர்றது. இந்தத் தலையோட தாவரப் பக்கம் போக முடியாது." சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "இது பருத்தியா? சட்டை போகலாம்."

தலையை என்ன செய்வது என்று ஆலோசித்தார்கள். ஒருவர் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். கடைசியில் தலைக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை மாட்டி, கழுத்தில் ரப்பர் போட்டு, மூச்சு விட மூக்குக்கு நேராக ஓர் ஓட்டை வைத்து அனுப்பினார்கள். அந்த உறைக்குள் அவருடைய இதயத் துடிப்பு அவருக்கே பெரிதாகக் கேட்டது.

தாவரத் தலைவர் உயரமான மனிதர். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு பேசினார்.

"செல்லுலோஸ் என்பது கௌரவமான பொருள். மரம், புல், பூ. அது போய் ஒரு பெண்பிள்ளையோட கண்ணுல புண்ணா உட்காரும்னு நீங்க சொல்றது, மன்னிக்கணும், எங்க துறையைப் பத்தின அவதூறு."

"நான் ஒண்ணும் சொல்லலைங்க ஐயா. உறைக்குள்ள சரியா மூச்சு வரலை. டாக்டரம்மாதான்..."

"பூஞ்சைப் பிரிவு 'இது பூஞ்சை இல்லை'ன்னு சொல்லட்டும். மனசைக் கல்லாக்கிக்கிட்டு நான் பார்க்கிறேன்."

திரும்பவும் சுத்திகரிப்பு. திரும்பவும் பிரஷ். இந்த முறை தலை போகலாம், சட்டை போகக் கூடாது என்றார்கள். பூஞ்சைத் தலைவியின் அறையில் வேன்காரர் பிளாஸ்டிக் சட்டையோடு நின்றார். அவர் மறுபடி டீ கொடுத்தார்.

வெளியே வந்து போனை வாங்கியபோது மச்சினி பலமுறை கூப்பிட்டிருந்தாள். அவள்தான் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தாள்.

"மாமா, எங்க போயிட்டீங்க? அக்கா வலி தாங்காம கட்டில் கம்பில தலையை முட்டிக்கிறா. பிடிச்சு வெச்சிருக்கேன். வெள்ளை ரொம்பப் பெரிசாயிடுச்சு மாமா."

போன் கை மாறியது. "ஏங்க" என்றாள் மனைவி. "என்ன சொல்றாங்க?"

"பார்க்கிறோம்னு சொல்றாங்கம்மா."

"என் பார்வை போறதுக்குள்ள பார்க்கச் சொல்லுங்க." வழக்கமான குரல்தான். பிறகு தங்கைக்குக் கேட்காமல் சொன்னாள்: "எனக்குப் பயமா இருக்குங்க."

கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வார்த்தையை அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வாயிலிருந்து அது வந்ததும் அவர் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வரைக்கும் இலைக்கும் காளானுக்கும் நடந்தார். இருட்டுவதற்கு முன்னால் இரண்டு தலைவர்களும் மனமிரங்கினார்கள். 'பரிசீலனைக்கு' என்று சொல்லிக் குப்பியில் இருந்ததை ஆளுக்குப் பாதியாக வாங்கிக்கொண்டார்கள். எது யாருடையது என்று தீர்மானிக்கிற எல்லைக் குழு மறுநாள் கூடும், இயக்குநரே தலைமை ஏற்பார், அது ஒரு அபூர்வமான கௌரவம் என்று பூஞ்சைத் தலைவி அவர் தோளைத் தட்டினார்.

மறுநாள் காலை டாக்டரம்மா வார்டில் டார்ச் அடித்துப் பார்த்தார். மனைவியின் கருவிழி கருப்பாக இல்லை. வேகவைத்த மீனின் கண் போல இருந்தது. ஓரத்தில் மட்டும் மெல்லிய கருவளையம் மிச்சம்.

"சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கேன்" என்றார் டாக்டரம்மா. "அதுக்கு மேல நான் காத்திருந்தா தப்பு. தியேட்டர் தயாரா இருக்கச் சொல்லிட்டேன்."

மனைவி அவர் கையைத் தேடிப் பிடித்தாள். நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தாள். பிடியை அவரே விலக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

எல்லைக் குழு நீளமான மேசையைச் சுற்றிக் கூடியது. இலைப் பக்கம் ஒரு கூட்டம், காளான் பக்கம் ஒரு கூட்டம். நடுவில் இயக்குநர். வயதானவர், பஞ்சு போன்ற குரல். வேன்காரருக்கு 'மாதிரிப்பொருள் காப்பாளர்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டி, மூலையில் ஒரு முக்காலி கொடுத்தார்கள். காப்பாளர் பேசக் கூடாது என்பது விதி.

இயக்குநர் எழுந்தார்.

"சுவர் என்றால் என்ன? சுவர் என்பது எல்லை. எல்லை என்பது ஒழுங்கு. எந்தச் சிறு புல்லுக்கும், எந்தக் கேவலமான காளானுக்கும் தன்னைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொள்ளத் தெரிந்திருக்கிறது. பரிணாமத்தின் உச்சியில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் மனிதனுக்கு மட்டும் அது இல்லை. அந்தக் குறையை, நண்பர்களே, இந்த நிறுவனம் தீர்த்துவைத்திருக்கிறது. இங்கே பணிபுரியும் ஒவ்வொருவரைச் சுற்றியும் இன்று ஒரு சுவர் இருக்கிறது. வெளியிலிருந்து எதுவும் நம்மை எட்டுவதில்லை. ஓர் அழுகுரல்கூட."

எல்லோரும் கை தட்டினார்கள். வேன்காரரும் பயத்தில் தட்டினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கப் பயந்து மேசைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இயக்குநருக்குப் பிறகு துணை இயக்குநர், இயக்குநரின் பேச்சைப் பாராட்டிப் பேசினார். அதற்குப் பிறகு நிறமாலைக் கூடத்தின் பொறுப்பாளர், மெஷினுக்குப் போட்டிருக்கும் புதிய உறையைப் பற்றிப் பேசினார். மதியச் சாப்பாட்டுக்கு ஒத்திவைத்துத் திரும்பக் கூடினார்கள். வேன்காரர் முக்காலியை விட்டு எழவில்லை. எழுந்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்களோ என்று பயம்.

பூஞ்சைத் தலைவியின் முறை வந்தது. நேற்று இருந்த அன்பு முகத்தில் இல்லை.

"இந்த மாதிரிப்பொருளை எங்க தலையில கட்டப் பார்க்கிறாங்க. நூல் நூலா இருந்தா பூஞ்சையா? என் தலைமுடிகூட நூல் நூலாத்தான் இருக்கு." திரையில் ஒரு கோடு வந்தது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஓரிடத்தில் மட்டும் தட்டையாகக் கிடந்தது. அவர் அந்த இடத்தைக் கோலால் தட்டினார். "கைட்டின் இருந்தா இங்க ரெட்டை மலை எழும்பணும். எங்க மலை? மொட்டை. வழுவழுன்னு மொட்டை. திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு பொட்டு கைட்டின் கிடையாது. இது பூஞ்சை இல்லை, இல்லவே இல்லை!"

தாவரத் தலைவர் துள்ளி எழுந்தார். "நானும் அளந்திருக்கேன்! செல்லுலோஸ் இருக்கு, மறுக்கலை. மலை நல்லா எழும்பித்தான் இருக்கு. அதனால இது தாவரம் ஆயிடுமா? பச்சையம் எங்க? வேர் எங்க? மரச்சத்து எங்க? செல்லுலோஸைத் திருடி வெச்சுக்கிட்டு ஒரு பொறுக்கி வாசல்ல நின்னா, அவனை வீட்டுக்குள்ள கூப்பிட்டு உட்கார வெக்கணுமா?"

"அப்ப செல்லுலோஸ்னு ஒத்துக்கிறீங்க!"

"கைட்டின் இல்லைன்னு நீங்க ஒத்துக்கிட்டீங்களே!"

வேன்காரர் முக்காலியில் நிமிர்ந்தார். அவருக்குப் படிப்பு கொஞ்சம்தான். ஆனால் டாக்டரம்மா பெஞ்சில் உட்கார்ந்து சொன்ன இரண்டு வார்த்தைகளையும், பிள்ளைகள் இறங்கும் நிறுத்தங்களை மனப்பாடம் செய்வது போல, அவர் நேற்றிலிருந்து வாய்க்குள் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். நண்டு ஓடு, பருத்தி. நண்டு ஓடு இல்லை. பருத்தி இருக்கிறது.

எழுந்து நின்றுவிட்டார். கழுத்து அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அம்மா... அளந்துட்டீங்களா?"

"காப்பாளர் பேசக் கூடாது" என்றார் துணை இயக்குநர்.

"எப்ப அளந்தீங்க?"

"நேத்தே" என்றார் பூஞ்சைத் தலைவி பெருமையாக. "ஏத்துக்க முடியாதுன்னு சொல்றதுக்கு ஆதாரம் வேணும் இல்லையா? நீங்க வெளிய போய் உங்க டீ ஆறுறதுக்குள்ள முடிச்சுட்டேன்."

"நான் அதுக்கும் முன்னாடி" என்றார் தாவரத் தலைவர்.

மனைவி இரவு முழுக்கக் கட்டில் கம்பியில் தலையை முட்டிய சத்தம் வேன்காரரின் காதில் கேட்டது. கோபம் வர வேண்டிய இடம். அவருக்குக் கோபம் வரத் தெரியாது. பயம்தான் வந்தது, முன்பைவிடப் பெரிதாக. கதவை நோக்கி நடந்தார்.

"நில்லுங்க" என்றார் இயக்குநர், அதே பஞ்சுக் குரலில். "இங்கே சொல்லப்பட்டவை வாதங்கள். முடிவு அல்ல. முடிவு ஆகாததை வெளியே எடுத்துப் போவது குற்றம். அடுத்த அமர்வில் ஒரு துணைக்குழு அமைப்போம். பிறகு உங்களுக்குத் தெரிவிப்போம்."

"ஐயா, சாயங்காலம் கண்ணை எடுத்துடுவாங்க."

"அறிவியலுக்கு அவசரம் கிடையாது."

வேன்காரர் ஓடினார். எந்தக் கதவு என்று பார்க்கவில்லை. பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன, "பிடிங்க" என்று யாரோ கத்தினார்கள், பூட்ஸ் சத்தம் துரத்தியது. தாழ்வாரத்தில் பாதி வழி போயிருப்பார். மணி அடித்தது.

பூட்ஸ் சத்தம் நின்றது. துரத்தியவர்கள் எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பிக் கையை வைத்தார்கள். "தாவரச் சுவர் வேறு..." வேன்காரரின் கால்களும் நின்றன. வலது கை தானாக உயர்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டது. ஆயுசு முழுக்க மணி அடித்தால் நின்ற கை. அதை அவர் இடது கையால் பிடித்து, ஒட்டிய காகிதத்தைப் பிய்ப்பது போல, சுவரிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு ஓடினார். வாசல்காரரும் கண்ணை மூடி, கையைத் தூணில் வைத்து, "கலக்க மாட்டேன்" என்றுகொண்டிருந்தார். வேன்காரர் அலமாரியிலிருந்து தன் போனை எடுத்தார். திருடன் போல இருந்தது.

"டாக்டரம்மா! கைட்டின் இல்லையாம். செல்லுலோஸ் இருக்காம்."

"யார் சொன்னது? ரிப்போர்ட் எங்க?"

"ரிப்போர்ட் தர மாட்டாங்க டாக்டர். எங்களது இல்லைன்னு சண்டை போட்டுக்கிட்டுச் சொன்னாங்க. அந்த அம்மா கைட்டின் ஒரு பொட்டு இல்லைன்னாங்க. அந்த ஐயா செல்லுலோஸ் மலை நல்லா எழும்பியிருக்குன்னார்."

"ரெண்டு பேரும் தனித்தனியா அளந்தாங்களா?"

"ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர்."

வேன்காரர் போனைக் காதோடு அழுத்தினார்.

"போதும்" என்றார் டாக்டரம்மா. "தியேட்டரை நிறுத்தச் சொல்றேன். மருந்தை மாத்துறேன். வண்டியை மெதுவா ஓட்டிட்டு வாங்க."

புது மருந்து விட்ட பிறகுதான் உண்மையான பயம் தொடங்கியது. அதுவரை யாரையாவது பார்த்துப் பயப்படலாம். இப்போது பார்க்க ஒன்றும் இல்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, தான் சரியாகத்தான் கேட்டோமா, எதையாவது மாற்றிச் சொல்லிவிட்டோமா என்று மனதுக்குள் அந்தக் கூட்டத்தைத் திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்தார். தன் காதை நம்பி ஒரு கண்ணைப் பணயம் வைத்துவிட்டதாகத் தோன்றியது. டாக்டரம்மா டார்ச்சோடு வரும்போதெல்லாம் அவர் வெளியே போய் நின்றுகொண்டார். மச்சினி போய்க் கேட்டுவந்து சொல்வாள். "அப்படியே இருக்காம் மாமா." மறுபடி, "அப்படியேதான்." ஒரு தடவை அவள் வராமல் டாக்டரம்மாவே வெளியே வந்தார். வேன்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"ஓரம் சுருங்குது" என்றார் டாக்டரம்மா. "பிழைச்சுது."

வேன்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

கண் தங்கியது. பழையபடி ஆகவில்லை. கருவிழியில் தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணால் பார்த்தால் ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத் தெரிகிறது என்றாள். பின்னால் கருவிழி மாற்றலாம், பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்த அன்று மனைவி இடது கண்ணை மூடி, தழும்புக் கண்ணால் அவரைப் பார்த்தாள்.

"மங்கலா இருக்கீங்க" என்றாள். "வயசே தெரியலை."

டாக்டரம்மா இந்த விஷயத்தை மருத்துவர்கள் கூட்டத்தில் சொன்னார். பத்திரிகையில் வந்தது. 'செல்சுவர் ஆராய்ச்சி காப்பாற்றிய கண்' என்று தலைப்பு. சில மாதங்களுக்குப் பிறகு நிறுவனத்திலிருந்து கார் வந்தது. இரண்டிலும் சேராத சுவர்களுக்கென்று ஒரு மூன்றாம் பிரிவு தொடங்குகிறார்களாம். திறப்பு விழாவுக்கு அம்மா அவசியம் வர வேண்டுமாம்.

"வேண்டாம்மா" என்றார் வேன்காரர்.

"கார் அனுப்பியிருக்காங்கங்க. என் கண்ணை அளந்தவங்க மூஞ்சியை நானும் ஒரு தடவை பார்க்க வேண்டாமா?"

அவர்களை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் பூஞ்சைத் தலைவி, அந்த மாதிரிப்பொருளை முதலில் அரவணைத்தது தன் பிரிவு என்றார். தாவரத் தலைவர், செல்லுலோஸ் என்று துணிந்து சொன்னது தான் என்றார். இயக்குநர், அறிவியலின் அவசரத்தைப் பற்றிக் கண் கலங்கப் பேசினார். புதுப் பிரிவின் தலைவர் சின்ன வயது, துறுதுறுப்பானவர். நாடாவை வெட்டியதும், பளபளக்கிற புது மெஷினின் மூடியைத் திறந்து, "முதல் மாதிரிப்பொருளைக் கொண்டு வாங்க" என்றார்.

யாரும் நகரவில்லை. மேடையில் குசுகுசுவென்று பேச்சு. இரண்டு பாதிகளும் தங்களுடையது இல்லை என்று நிரூபிப்பதிலேயே தீர்ந்துபோயிருந்தன. துளிகூட மிச்சம் இல்லை. மூன்றாம் பிரிவு, அதன் மெஷின், அதன் ஊழியர்கள் எல்லாம் தயார், அளக்கத்தான் ஒன்றுமில்லை.

புதுத் தலைவர் மேடையை விட்டு இறங்கி வந்தார். வேன்காரரின் மனைவிக்கு முன்னால் குனிந்து, மிகவும் பணிவாகக் கேட்டார்:

"அம்மா, அந்த இன்னொரு கண்ணு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றாள்.

"ஓ" என்றார் அவர். முகம் வாடிவிட்டது. ஆனாலும் எழுந்து போகவில்லை. அந்தக் கண்ணையே, கடையில் பழம் பழுத்துவிட்டதா என்று பார்க்கிறவர் போல, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பூஞ்சைத் தலைவியும் தாவரத் தலைவரும் இயக்குநரும் ஒவ்வொருவராக இறங்கி வந்து நின்று பார்த்தார்கள்.

"எந்திரிம்மா" என்றார் வேன்காரர்.

அவள் நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு எழுந்தாள். ஆவி படிந்த கண் காட்டிய வழியில், மறு கையால் அவர் விரல்களை இறுகப் பற்றிக்கொண்டு, வாசல் வரைக்கும் கையை எடுக்காமலே நடந்தாள்.